சின்னக் குழந்தைக்கு மனநல மருந்து: முடிவு யார் கையில்?

(கிளையின் ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் டாக்டர்களைக் கூப்பிட்டால் சர்க்கரை வியாதி, மூட்டுவலி, கண்புரை இவற்றைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் வயதைப் பார்த்தால் அது நியாயம்தான். இந்தத் தடவை காரியதரிசி போன் செய்து, "டாக்டர் மாமி, குழந்தைகள் விஷயமா ஏதாவது பேசுங்கோளேன்" என்றார். எதைப் பேசுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டில், கோவில் பிராகாரத்தில், கச்சேரி இடைவேளையில் நம் மனுஷாள் என்னை ஓரமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பேரனுக்கு மூளைக்கு ஏதோ மாத்திரை குடுக்கணும்கறா. ஆறு வயசுதான் ஆறது. குடுக்கலாமா?"

பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். "குடுக்கணும்னு சொன்னது யாரு?" இதற்கு வருகிற பதில்தான் விசித்திரமாக இருக்கும். சில சமயம் டீச்சர். சில சமயம் மாட்டுப்பெண்ணின் அக்கா. சில சமயம் வாட்ஸ்அப். டாக்டர் என்கிற பதில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வரும். கேட்கிறவர் பாட்டியாக இருப்பார். கேட்பது குழந்தையின் அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே இன்று மருந்து நல்லதா கெட்டதா என்பதைக் கொஞ்சமாகவும், யார் முடிவு செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவும் பேசலாம் என்று உத்தேசம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குழந்தை மருத்துவர்; மனநல மருத்துவர் இல்லை. பம்பாயில் முப்பத்தைந்து வருஷம் பிராக்டிஸ் செய்தேன். இந்த மருந்துகளை ஆரம்பித்து வைப்பது என் வேலையாக இருந்ததில்லை. குழந்தையை அதற்கான நிபுணரிடம் அனுப்புவதும், மருந்து ஆரம்பித்த பிறகு எடை, உயரம், பசி, தூக்கம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பதும்தான் என் பங்கு. நான் சொல்லப் போகும் குழந்தைகளின் ஊரையும் உறவையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். யாரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

சின்னக் குழந்தை என்று நான் சொல்வது மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. இந்த வயதில் மருந்துப் பேச்சு வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காக. ஒன்று, ஏ.டி.ஹெச்.டி. என்று எல்லோர் வாயிலும் அடிபடுகிற கவனக்குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும். இன்னொன்று, ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு வருகிற கட்டுக்கடங்காத கோபம், தன் கையைத் தானே கடித்துக்கொள்வது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வது. முதலாவதற்கு மீதைல்ஃபெனிடேட், அடமாக்ஸெட்டின், க்ளானிடின் ஆகியவை. இரண்டாவதற்கு ரிஸ்பெரிடோன் போன்றவை. ரிஸ்பெரிடோன் கோபத்தைத் தணிக்கும். ஆட்டிசத்தையே குணமாக்கும் மாத்திரை கிடையாது. யாராவது அப்படி ஒன்றை விற்றால் பர்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இவை நேற்று முளைத்த மருந்துகள் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் சார்லஸ் பிராட்லி என்கிற டாக்டர், தம் ஆஸ்பத்திரியில் இருந்த 30 குழந்தைகளுக்கு பென்ஸெட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பாடத்தில் கவனம் செலுத்த ஆரம்பித்தார்கள் என்று எழுதி வைத்தார். மீதைல்ஃபெனிடேட் 1944-ல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தது. அதைத் தயாரித்த லியாண்ட்ரோ பானிஸான் தம் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்து அதற்கு ரிட்டலின் என்று பெயர் சூட்டினார். பெண்டாட்டி பெயரைக் கடைக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். மாத்திரைக்கு வைத்தவர் இவர்தான்.

நம் நாட்டில் மீதைல்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. அதாவது அதை விற்கக் கடைக்காரருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். "இவ்வளவு கெடுபிடி பண்றாளே, அப்போ விஷம்தானே?" என்று ஒரு மாமா என்னிடம் கேட்டார். விஷம் இல்லை. தப்பான கைக்குப் போனால் போதைக்காகப் பயன்படுத்துவார்கள் என்பதால் அந்தக் கெடுபிடி. சரியாக நிர்ணயம் செய்யப்பட்ட, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, சரியான அளவில் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்கிறது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், சில குழந்தைகளுக்கு வயிற்றுவலி வரும், நாடித்துடிப்பு சற்றே கூடும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

ஆறு வயதுக்குக் கீழே கதை வேறு. அமெரிக்காவில் அரசாங்க உதவியுடன் நடந்து 2006-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று உண்டு. மூன்றிலிருந்து ஐந்தரை வயது வரை உள்ள சுமார் 300 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எடுத்த எடுப்பில் மாத்திரை கொடுக்கவில்லை. முதலில் பெற்றோருக்குப் 10 வாரப் பயிற்சி. குழந்தையிடம் எப்படிச் சொல்வது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, எதற்குப் பாராட்டுவது என்று. அதிலேயே சில குழந்தைகள் தேறிவிட்டதால் அவர்களுக்கு மருந்தே தேவைப்படவில்லை. மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பலன் கிடைத்தது; ஆனால் பெரிய குழந்தைகளுக்குக் கிடைத்த அளவுக்கு இல்லை. பக்க விளைவுகளோ அதிகம். நூற்றுக்குப் பதினோரு குழந்தைகள் அதனாலேயே மருந்தை நிறுத்த வேண்டி வந்தது. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு உயரம் கூடும் வேகம் எதிர்பார்த்ததைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அம்மா அப்பாவுக்கு முதலில் பயிற்சி, பிறகுதான் மாத்திரை என்று பிற்பாடு வந்த வழிகாட்டுதல்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யார் முடிவு செய்வது?

முதலில் பள்ளிக்கூடம். தென்னாட்டிலிருந்து புனேக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பம். பையனுக்கு ஐந்தரை வயது. வீட்டில் தமிழ் தவிர வேறு பாஷை இல்லை. புதுப் பள்ளியில் டீச்சர் பேசுவது இங்கிலீஷ், கூடப் படிக்கும் குழந்தைகள் பேசுவது ஹிந்தியும் மராத்தியும். இரண்டு மாதத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு. பையன் சொன்ன பேச்சு கேட்பதில்லை, இடத்தில் உட்காருவதில்லை, மத்தியானம் தூங்கி வழிகிறான், எழுப்பினால் அடிக்கிறான். "மருந்து ஆரம்பித்ததற்கு டாக்டர் சீட்டு கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த டெர்முக்கு வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பயந்துபோய் ஒரு டாக்டரிடம் போனார். ஏழு நிமிஷத்தில் சீட்டு கைக்கு வந்துவிட்டது. மருந்து வாங்குவதற்கு முன் அந்தப் பெண் தன் சிநேகிதி மூலமாக என்னிடம் வந்தாள்.

நான் பெரிய சாமர்த்தியம் எதுவும் செய்யவில்லை. ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்று கேட்டேன். கூட வந்திருந்த தாத்தா சிரித்துக்கொண்டே, "என்னைவிட ஜாஸ்தி குறட்டை விடறான் டாக்டர்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெரிதாக வளர்ந்து ராத்திரி மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. சரியாகத் தூங்காத பெரியவர் பகலில் தூங்கி வழிவார். சரியாகத் தூங்காத குழந்தை பல சமயம் பகலில் ஆட்டம் போடும், எரிந்து விழும். காது மூக்கு தொண்டை டாக்டர் கவனித்துக்கொண்டார். மிச்சத்தைக் கட்டடத்துப் பையன்களோடு ஆடிய கிரிக்கெட் கவனித்துக்கொண்டது. ஆறு மாதத்தில் ஹிந்தி வந்துவிட்டது. அவனுக்கு மாத்திரை தேவைப்படவே இல்லை.

நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருப்பவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாஷை புரியாத குழந்தையும் கவனிக்காத குழந்தையும் வகுப்பறையின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். காது சரியாகக் கேட்காத குழந்தையும் அப்படித்தான். ஒரு சில விநாடி நினைவு தப்பி, கண் நிலைகுத்தி நின்று, மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்குகிற ஒருவகை வலிப்பு உண்டு. அதை "பகல் கனவு காண்கிறாள்" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

வயது இன்னொரு விஷயம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே பள்ளியில் சேர்க்க டிசம்பர் 31 கணக்கு. ஆகவே டிசம்பரில் பிறந்தவன் வகுப்பிலேயே சின்னவன், ஜனவரியில் பிறந்தவன் பெரியவன். டிசம்பர் மாதத்துப் பையன்களுக்கு ஜனவரி மாதத்துப் பையன்களைவிட ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயர் 30 சதவிகிதம் அதிகமாக ஒட்டியிருந்தது. மருந்து 41 சதவிகிதம் அதிகம். பெண் குழந்தைகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். பதினோரு மாதம் சின்னவன் பதினோரு மாதம் சின்னவன் மாதிரி நடந்துகொண்டதற்கு மாத்திரை! இந்த சபையில் பாதிப் பேருக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்த தேதி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு பிறந்த தேதி. சீக்கிரம் பள்ளியில் தள்ளிவிட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் மாதத் தேதி. அந்தக் காலத்தில் ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயர் இல்லாததால் நாம் பிழைத்தோம். பெஞ்சு மேல் நின்றதோடு போயிற்று.

டீச்சர் சொல்வதைக் காதில் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ.டி.ஹெச்.டி. என்று நிர்ணயிக்க வேண்டுமானால் வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் அந்தக் குணங்கள் இருந்தாக வேண்டும். ஆகவே டீச்சரின் வாக்குமூலம் அவசியம். ஆனால் அவர் சாட்சி, நீதிபதி இல்லை. பள்ளியின் கையில் முடிவை விட்டால் இன்னொரு அநியாயமும் நடக்கும். தொந்தரவு செய்கிற பையனுக்கு மருந்து கேட்பார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஹைதராபாத்தில் அப்படி ஒரு பெண், ஏழு வயது. "சாது, ஆனா மக்கு" என்று வீட்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மக்கு இல்லை. நிபுணர் மூன்று தடவை பார்த்து, பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, அப்புறமும் போதவில்லை என்று குறைந்த அளவில் மருந்து ஆரம்பித்தார். ஒரு மாதம் கழித்து அம்மா போன் செய்தாள். ராத்திரி கதையை முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்று கேட்டாளாம். சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. மருந்தே கூடாது என்று கொடி பிடிப்பவர்கள் இந்தக் குழந்தையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடம் மிரட்டினால் என்ன செய்வது? அமெரிக்காவில் 2004-ல் ஊனமுற்ற குழந்தைகளின் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். பள்ளிக்கு வருவதற்கு நிபந்தனையாக, இந்த மாதிரிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்தைச் சாப்பிட்டாக வேண்டும் என்று பள்ளி ஊழியர்கள் வற்புறுத்தக் கூடாது என்று. நம்மிடம் வேறு ஆயுதம் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறிலிருந்து பதினான்கு வயது வரை, தொடக்கக் கல்வி முடிகிற வரை, சேர்த்த குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019-ல் பெயில் போடுவதற்கு வழி செய்து திருத்தம் வந்தபோதும் வெளியேற்றத் தடை அப்படியே நின்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் தீர்ப்பளித்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மற்ற இடங்களில் பிரின்சிபாலிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "நீங்கள் சொன்னதை எழுத்தில் கொடுங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாயால் மிரட்டுகிறவர்கள் கையால் எழுதத் தயங்குவார்கள்.

அடுத்தது சட்டம் பெற்றோரைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2017-ல் நிறைவேறி 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், பதினெட்டு வயது ஆகாத குழந்தைக்கு அதன் சட்டப்படியான கார்டியன்தான் பிரதிநிதி என்கிறது. சம்மதம் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பலவந்தம், மிரட்டல், ஏமாற்று, தகாத நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமல், மருந்தால் வரும் நன்மை, ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும், கேட்பவருக்குப் புரிகிற பாஷையில் சொன்ன பிறகு கொடுக்கும் சம்மதம்தான் சம்மதம். "டெர்ம் முடிவதற்குள் ஆரம்பிக்காவிட்டால் சீட்டு இல்லை" என்று சொல்லி வாங்குவதை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

குழந்தையை மனநல ஆஸ்பத்திரியில் சேர்ப்பது பற்றிச் சட்டம் இன்னும் கண்டிப்பு. விதிவிலக்கான சமயத்தில்தான் சேர்க்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல மருத்துவரோ தகுதியுள்ள வேறொருவரோ தனித்தனியாகப் பரிசோதித்துத் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்தவரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். மனநல மறுஆய்வுக் குழுவுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். ஆனால் நாம் பேசுவது ஆஸ்பத்திரியில் படுக்காத குழந்தையைப் பற்றி. வெளி நோயாளியாக வந்து மாத்திரை வாங்கிப் போகிற குழந்தைக்கு இத்தனை காவல் கிடையாது. அங்கே காவல் அம்மாவும் அப்பாவும்தான்.

அம்மாவா அப்பாவா? 1956-ம் வருஷத்து ஹிந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தில் இயற்கையான கார்டியன் தகப்பனார், அவருக்குப் பிறகு தாயார் என்று இருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1999-ல், "பிறகு" என்றால் தகப்பனார் காலமான பிறகு என்று அர்த்தமில்லை, அவர் அந்தப் பொறுப்பில் இல்லாத சமயத்தில் என்று பொருள் கொள்ள வேண்டும் என்று விளக்கியது. வழக்கு வந்தது மகன் பெயரில் ரிசர்வ் பாங்க் பத்திரம் வாங்குவதற்காக. என்னைக் கேட்டால் மருந்து விஷயத்தில் இருவரும் சேர்ந்தே டாக்டர் அறைக்குள் வர வேண்டும். நம் வீடுகளில் அம்மா மட்டும் வருவாள். அப்பா கையெழுத்துக்கு மட்டும் வருவார். பிறகு ஏதாவது சரியில்லை என்றால், "நீ ஆபீஸ் ஆபீஸ்னு ஓடறதாலதான் குழந்தை இப்படி ஆயிட்டான்" என்று பழி அவள் தலையில். பெற்றோர் வளர்த்த விதத்தால் ஏ.டி.ஹெச்.டி. வருவதில்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவது அது. அப்பாவை விசாரித்தால் அவரும் அந்த வயதில் லேசுப்பட்டவராக இருந்திருக்க மாட்டார்.

டாக்டர் மட்டும் முடிவு செய்யலாமா? இங்கே நிறைய பேர் பாங்கில் இருந்தவர்கள், புரியும்படி சொல்கிறேன். லாக்கருக்கு இரண்டு சாவி. பாங்க் சாவி மட்டும் போட்டால் திறக்காது. உங்கள் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது. சின்னக் குழந்தைக்கு மருந்து ஆரம்பிப்பது அப்படி. நிபுணர் வேண்டும் என்று சொல்ல வேண்டும், பெற்றோர் புரிந்துகொண்டு சரி என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் லாக்கர் மூடியே இருக்கட்டும். ஐந்து வயதுக்கும் கீழே என்றால் மூன்றாவது சாவியும் வேண்டும் என்பேன். இங்கிலாந்தில் நைஸ் என்கிற அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு, சின்னக் குழந்தைகளைப் பார்த்து அனுபவமுள்ள இரண்டாவது நிபுணர் குழுவின் அபிப்ராயம் இல்லாமல் ஏ.டி.ஹெச்.டி. மருந்து கொடுக்காதீர்கள் என்கிறது. "இன்னொருத்தரைக் கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோ?" என்று நம்மவர்கள் தயங்குவார்கள். கோபித்துக்கொள்கிற டாக்டர் என்றால் இன்னொருவரைக் கேட்பதற்கு அதுவே காரணம்.

குழந்தை மனநல நிபுணர்கள் பெரிய ஊர்களில்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது நேரில் பெரிய இடத்தில் காட்டி நிர்ணயம் செய்துகொண்டு, பிறகு உள்ளூர் டாக்டர் கவனிப்பில் இருக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இனி நம் தலைமுறை. தாத்தா பாட்டி. புனே பையன் விஷயத்தில் தாத்தாவின் குறட்டைப் பேச்சுதான் வழி காட்டியது. நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர்கள் நாம். ஆனால் வேறொரு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அம்மா காலை ஏழரைக்கு ஆபீஸ் பஸ் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கு மாத்திரை கொடுப்பது பாட்டி பொறுப்பு. பாட்டி எங்கேயோ படித்திருக்கிறார், இது பழக்கமாகிப் போய்விடும் என்று. ஆகவே மாத்திரையைத் துளசித் தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரனிடம் மாறுதல் தெரியவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகும் கூட்டினார். மே மாத லீவில் அம்மா தானே கொடுத்தாள். ஒரு நாளும் மருந்து உள்ளே போகாத குழந்தைக்கு முதல் நாளே முழு அளவு. இரண்டு ராத்திரி தூக்கமில்லை, வாயில் சாதம் இறங்கவில்லை, ஓயாமல் அழுகை. நல்ல வேளை, அதோடு போயிற்று. க்ளானிடின் போன்ற மருந்தைத் தொடர்ந்து சாப்பிடும் குழந்தைக்குத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறிவிடும்.

அந்தப் பாட்டி கெட்டவர் இல்லை. பேரன் மேல் உயிர். அவரிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. பொறுப்பை மட்டும் கொடுத்தார்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போகச் சொன்னேன். தன் பயத்தையெல்லாம் நேரடியாகக் கேட்டார். டாக்டரும் பொறுமையாகத் தமிழிலேயே பதில் சொன்னாராம். அதற்கப்புறம் பேரன் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று தினமும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் அதே பாட்டிதான். பழைய காலெண்டர் தாளைத் தைத்துப் பண்ணின நோட்டு. எனக்கு வந்த குறிப்புகளிலேயே அதைப்போலத் தெளிவானது கிடையாது. தாத்தா பாட்டிக்கு டாக்டர் அறையில் ஒரு நாற்காலி உண்டு, கேள்வி கேட்க உரிமை உண்டு. லாக்கர் சாவி மட்டும் கிடையாது. ஜோசியருக்கும், அமெரிக்காவில் இருக்கும் அத்திம்பேருக்கும் நாற்காலியும் கிடையாது.

பெற்றோரே முடியாது என்று பிடிவாதம் பிடித்தால்? கவனக்குறைவு போன்ற விஷயத்தில் அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட்டு, பயிற்சியைத் தொடர்ந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பேச வேண்டும் என்பதுதான் என் கட்சி. குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, உயிருக்கு ஆபத்து என்கிற நிலை வேறு. கார்டியன் குழந்தையின் நலனுக்காக நடந்துகொள்ளவில்லை என்றால் வேறொருவரைப் பிரதிநிதியாக நியமிக்க மறுஆய்வுக் குழுவுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பல மாநிலங்களில் இந்தக் குழுக்கள் மிகவும் தாமதமாகத்தான் அமைந்தன என்பது வேறு கதை.

குழந்தையைக் கேட்க வேண்டாமா? இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை சொல்வதற்கு அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆறு வயதுக் குழந்தை முடிவு செய்ய முடியாது. ஆனால் வயிற்றை வலிக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் விளையாடவே பிடிக்கவில்லை என்று சொல்ல முடியும். அதைவிட முக்கியமான தகவல் வேறு யாரிடமும் கிடைக்காது. ஆகவே தேனில் குழைத்து, வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுக்காதீர்கள். முழுதாக விழுங்க வேண்டிய மாத்திரையை நசுக்குவதும் ஆபத்து. சத்து மாத்திரை என்று பொய் சொல்லாதீர்கள். "பாடம் கேட்கிறப்போ உன் மனசு ஓடிப் போகாம இருக்க இது உதவி பண்ணும். சாப்பிட்டா எப்படி இருக்குன்னு நீதான் எங்களுக்குச் சொல்லணும்" என்றால் குழந்தைக்குப் புரியும்.

கடைசியாக, நிறுத்துவது. ஆரம்பிக்கும்போது நடக்கிற இவ்வளவு விவாதம் தொடரும்போது நடப்பதில்லை. சீட்டைப் புதுப்பிப்பது காஸ் புக் பண்ணுவதைப் போல ஆகிவிடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இன்னும் வேண்டுமா என்று டாக்டரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச வேண்டும். உயரமும் எடையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது வரைபடத்தில் ஏற வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு பைலில் வையுங்கள். ஊர் மாறும்போது பள்ளி டி.சி.யோடு அந்த பைலும் பெட்டியில் போகட்டும். புது ஊர் டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். மருந்தைப் பற்றி அவசரப்படுவதற்கு முன் எங்கே காட்டலாம் என்று விசாரிக்க உபயோகப்படும்.

கேண்டீனில் காபி தயாராகிவிட்டதாகக் காரியதரிசி ஜாடை காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் இங்கேயே கேட்கலாம். தனியாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கும் பாட்டிகள் தயவுசெய்து மாட்டுப்பெண்ணையும் கூட அழைத்துக்கொண்டு வாருங்கள்.